குப்பனுக்குப் பின் வந்த பெயர்கள்

குப்பன் என்பது எமனை ஏமாற்றுவதற்காக வைக்கப்பட்ட பெயர். பிறந்த பிள்ளைகள் ஒன்றிரண்டு தங்காமல் போன வீட்டில் அடுத்து ஒரு பிள்ளை பிறந்தால், அதைக் குப்பைமேட்டில் கிடத்திப் புரட்டி எடுப்பது தமிழ்நாட்டின் பல பகுதிகளில் வழக்கமாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரியோ மருத்துவச்சியோ பிள்ளையை அங்கிருந்து தூக்கிவந்து பெற்றவளிடமே கொடுத்து, விலையாக ஒரு முறம் தவிடு வாங்கிக்கொள்வாள். அதோடு பிள்ளை அந்த வீட்டில் பிறந்ததல்ல, குப்பையில் கிடந்தது, தவிட்டுக்கு வாங்கியது என்று ஆகிவிடும். எமன் ஓலையோடு வந்து நின்றால் ஓலையில் உள்ள விவரமும் தொட்டிலில் உள்ள பிள்ளையும் பொருந்தாது. திரும்பிப் போக வேண்டியதுதான். எமலோகத்துக் கணக்குப்பிள்ளை சித்திரகுப்தனைப் பற்றித் தமிழர் வைத்திருந்த மதிப்பீடு இதிலிருந்து தெரிகிறது: தாலுகா அலுவலகத்தைவிட எளிதாக ஏமாறக்கூடியவர்.

இந்தச் சடங்கிலிருந்து வந்தவர்கள்தான் குப்பன், குப்புசாமி, குப்பம்மாள், குப்பாயி எல்லோரும். மடிப்பிச்சை ஏந்தி வேண்டிப் பெற்ற பிள்ளை பிச்சைமுத்து அல்லது பிச்சையம்மாள். மூக்கைக் குத்திப் பழுதுள்ள பிள்ளைபோல் காட்டியது மூக்கன், மூக்காயி. பெயர்கள் அருகிப்போனாலும் சடங்கின் ஒரு துண்டு வீடுகளில் மிச்சம் இருக்கிறது. அண்ணன் தங்கையை அழவைக்க விரும்பும்போது, "உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்" என்பான். அவனுடைய கொள்ளுத்தாத்தாவை உண்மையிலேயே அப்படித்தான் வாங்கினார்கள் என்பது அவனுக்குத் தெரியாது.

தந்திரம் தமிழருக்கு மட்டும் உரியதல்ல. தெலுங்கில் குப்பைமேட்டுப் பிள்ளை பெண்டய்யா, கன்னடத்தில் திப்பண்ணா. வங்காளத்தில் மூன்று சோழிக்கு விற்று வாங்கிய பிள்ளைக்குத் தின்கோரி என்று பெயர். விலைதான் ஊருக்கு ஊர் மாறியிருக்கிறது, எமன் எல்லா ஊரிலும் ஒரே ஆள். இப்பெயர்களை ஏழைகள் மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்றும் சொல்ல முடியாது. துப்பறியும் நாவல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்து குவித்த ஆரணி குப்புசாமி முதலியார், தியாகராஜரின் சீடர் வீணை குப்பய்யர், வடமொழி அறிஞர் குப்புசாமி சாஸ்திரி ஆகியோரின் பெயர்களைப் பார்த்தால், குப்பைமேடு சாதி பார்க்காமல் எல்லோருக்கும் இடம் கொடுத்தது தெரியும். பிள்ளை சாவு எல்லா வீட்டுக்கும் வந்துகொண்டிருந்தது என்பதே காரணம். 1971இல்கூட இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 2020இல் தமிழ்நாட்டில் அந்த எண் 13. குப்பன் என்ற பெயர் நாகரிகம் வந்ததால் ஒழிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையமும் தடுப்பூசியும் வந்ததால் ஒழிந்தது என்பதே பொருத்தம். எமனை ஏமாற்ற வேறு வழி கிடைத்தபின் பிள்ளையை அசிங்கமாக அழைக்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. இப்போது குப்பன், சுப்பனோடு ஜோடி சேர்ந்து, "குப்பனும் சுப்பனும்" என்று மேடைப்பேச்சில் சாமானிய மக்களைக் குறிக்கும் வேலையை மட்டும் பார்க்கிறான்.

ஊர்ப்பெயர்களிலும் இருக்கிறான். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு மலையேற இரண்டு பாதைகள் உண்டு. கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பேர்போன பாதை ஒன்று. அயோத்தியாப்பட்டினம் வழியாகச் சென்று குப்பனூரில் அடிவாரம் தொட்டு, கொட்டச்சேடு வழியாக ஏறுவது மற்றது. குழந்தைப் பெயர்களின் வரலாற்றைப் படிக்க விரும்புகிறவருக்கு இந்த இரண்டாவது பாதைதான் ஏற்றது. புறப்படும் இடத்தில் அயோத்தியாப்பட்டினம். கோதண்டராமர் கோயில் கொண்ட ஊர், ராமசாமிகளின் எல்லை. அடிவாரத்தில் குப்பனின் பெயர் தாங்கிய ஊர். உச்சியில் சேர்வராயன். ஆங்கிலேயர் வாயில் 'ஷெவராய்' என்று ஆகி, அப்படியே வரைபடத்தில் ஏறிவிட்ட மலைத்தெய்வம் இவர்தான். பெருந்தெய்வம், எமன், மலைத்தெய்வம் என மூன்று பெயர்த்துறைகளை ஒரே பேருந்துச் சீட்டில் கடக்க இந்த வழித்தடத்தில் முடிகிறது.

மலைமேல் வாழும் மலையாளி பழங்குடியினர் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். வந்தவர்கள் மூன்று சகோதரர்கள். பெயர்கள் பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன். 1909இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் இந்தக் கதை பதிவாகியிருக்கிறது. பெயர்வைப்பில் இதைவிடச் சிக்கனமான குடும்பத்தைக் காண்பது கடினம். வரிசை எண்ணையே பெயராக்கிவிட்டதால் சோதிடருக்கும் வேலையில்லை, சொத்துப் பிரிக்கும்போது யார் மூத்தவர் என்ற வழக்கும் இல்லை. இந்த மலைகளில் பெரியண்ணன், சேர்வராயன், காவேரி போன்ற பெயர்கள் தெய்வத்துக்கும் மனிதருக்கும் பொதுவானவை. சேர்வராயன் குகைக்கோயிலில் காவேரியம்மனும் உடன் இருப்பதால் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெயர் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகிறது.

சமவெளியில் இந்த வேலையை மாரியம்மனும் முருகனும் பங்குபோட்டுக்கொண்டார்கள். அம்மை போட்ட ஊரில் மாரி, மாரிமுத்து, மாரியப்பன், மாரியம்மாள். பழனிக்கு நடந்து போகிற ஊரில் பழனி, பழனியப்பன், பழனிசாமி, பழனியம்மாள். 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற மாரியப்பன் தங்கவேலு சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டிக்காரர். பெயரிலேயே மாரியும் முருகனும் இருக்கும்போது தாண்டாமல் என்ன செய்வார்? நாகூருக்கு நேர்ந்துகொண்ட முஸ்லிம் குடும்பங்களில் நாகூர் மீரான்களும், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்ட கத்தோலிக்கக் குடும்பங்களில் ஆரோக்கியசாமி, ஆரோக்கியமேரிகளும் இதே முறையில் வந்தவர்கள்தான். பிரான்சிஸ் சேவியர் என்ற ஸ்பானிய நாட்டுப் புனிதர் தமிழ்க் கிராமங்களுக்குள் வந்ததும் சவரிமுத்துவாகிவிட்டார். பெயரைத் தமிழ் வாய்க்குள் போட்டு ஒருமுறை மென்று வெளியே எடுப்பது அக்காலத்தில் எல்லா மதத்துக்கும் பொதுவான சடங்கு.

சாமிப் பெயரில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. சாமி ஒன்று, பக்தர்கள் பலர். கொங்குப் பகுதியில் பழனிசாமி என்று கூப்பிட்டால் பந்தியில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். தந்தை பெயரின் முதலெழுத்தும் இங்கே உதவாது, தந்தையும் பெரும்பாலும் கருப்பண்ணனாகவோ குப்பண்ணனாகவோ இருப்பார். ஆகவே ஊர்ப்பெயர் முன்னால் ஓடிவந்து நிற்கிறது. சேலம் மாவட்ட அரசியலை நெடுங்காலம் நடத்திய தி.மு.க. அமைச்சர் வீரபாண்டி ஆறுமுகம். அதே மாவட்டத்திலிருந்து சென்று முதலமைச்சரான அ.தி.மு.க. தலைவர் எடப்பாடி பழனிசாமி. எதிரெதிர்க் கட்சிகள், ஆனால் இரண்டு பெயரும் ஒரே முருகனுடையவை. ஊர்ப்பெயரை எடுத்துவிட்டால் இருவருக்கும் ஒரே வேல்தான் மிஞ்சும்.

தெய்வத்தை அடுத்து வருபவர் தாத்தா. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் சுருக்கம், தாத்தாவின் பெயரைத் தாங்கியவன் என்று பொருள். பேத்தி, பெயர்த்தி. இந்த முறையில் பெயர்கள் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பி வந்துகொண்டே இருக்கும், புதுப்பெயர் தேடும் அலைச்சல் கிடையாது. ஆனால் மருமகள் மாமனார் மாமியார் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்பது இன்னொரு வழக்கம். இரண்டு வழக்கமும் ஒரே தொட்டிலில் மோதிக்கொண்டன. மகளுக்கு மாமியார் பெயர் பழனியம்மாள். அதைச் சொல்லிக் கூப்பிட முடியாது. "ஏ பழனியம்மா, எருமை" என்று மகளைத் திட்டினால், திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும் மூத்த பழனியம்மாளுக்கும் அது கேட்கும். வேண்டுமென்றே இந்த வாய்ப்பைப் பயன்படுத்திய மருமகள்கள் இருந்திருக்கக்கூடும், ஆனால் பதிவுகள் எதையும் அவர்கள் விட்டுச்செல்லவில்லை. மற்றவர்கள் பாப்பா, கண்ணு, தங்கம், சாமி என்று கூப்பிட்டுத் தப்பித்துக்கொண்டார்கள். சேலம் பக்கத்து வீடுகளில் குழந்தையின் ஊரறிந்த பெயரும் வீட்டுப்பெயரும் வேறுவேறாக இருப்பதற்கு இந்தப் பழனியம்மாள்களும் ஒரு காரணம்.

பெண் குழந்தைக்கு மட்டும் உரிய ஒரு பெயர்வகை இருந்தது. சிரிப்புக்கு அதிகம் இடம் தராத வகை. வரிசையாகப் பெண்கள் பிறந்த வீட்டில் அடுத்த பெண்ணுக்குப் போதும்பொண்ணு என்றோ வேண்டாம் என்றோ வைத்தார்கள். பெயர் என்ற போர்வையில் கடவுளுக்கு எழுதப்பட்ட மனு அது. மனுவைப் பெற்றவர் படித்ததாகத் தெரியவில்லை, போதும்பொண்ணுக்குப் பிறகும் தங்கைகள் பிறந்தார்கள். வேண்டாம் என்ற பெயரில் பள்ளி, வேலை, திருமணம் என எல்லா விண்ணப்பத்தையும் அந்தப் பெண்ணேதான் நிரப்ப வேண்டியிருந்தது.

வெள்ளைக்காரர் பெயர்களும் இந்தப் பட்டியலில் உண்டு. பாரமகால் என்று அறியப்பட்ட சேலம் பகுதியில் 1790களில் வரி வசூல் முறையை வகுத்த குழுவில் இருந்த தாமஸ் மன்றோ, பின்பு ராயலசீமைப் பக்கம் மாறிப்போனார். அங்கே மக்கள் தங்கள் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயர் வைத்தார்கள். வரி வசூலித்தவர் பெயரைப் பிள்ளைக்கு வைத்த நிகழ்ச்சி உலக வரலாற்றில் அபூர்வம். முல்லைப்பெரியாறு அணை கட்டிய பென்னிகுவிக் பெயரைத் தேனிப் பக்கத்துக் குடும்பங்கள் இன்றும் வைக்கின்றன. தண்ணீர் தந்தவர் பெயர் என்பதால் அதில் வியப்பில்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்து சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்த காக்பர்ன் அந்த அளவுக்குத் தொட்டிலேறவில்லை. தமிழர் காப்பியை எடுத்துக்கொண்டார்கள், பெயரைக் கலெக்டரிடமே விட்டுவிட்டார்கள். எஸ்டேட்டுகளின் செல்வாக்கில் ஊன்றிய பெயர் என்று சொல்லத்தக்கது பொதுப்பெயரான துரைதான். துரைசாமி, துரைராஜ், சின்னதுரை என்று அது எல்லாத் தட்டுகளிலும் பரவியது.

இருபதாம் நூற்றாண்டில் சாமியின் இடத்துக்குத் தலைவர் வந்தார். காந்தி, நேரு, இந்திரா, சுபாஷ் சந்திரபோஸ் ஆகியோர் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கில் பிறந்து, ஐந்தாம் வகுப்பில் பெஞ்சு மேல் நின்று, டிராக்டர் ஓட்டி, ஊராட்சித் தேர்தலில் ஒருவரை ஒருவர் எதிர்த்து நின்றிருக்கிறார்கள். வடமொழிப் பெயரே கூடாது என்ற இயக்கமும் இதே காலத்தது. 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய வேதாசலம், மறைமலை ஆனார். வேதம் மறையாகவும் அசலம் மலையாகவும் பெயர்ந்தன. தன்னோடு நிறுத்திக்கொள்ளாமல் பிள்ளைகளின் பெயர்களையும் எடுத்துத் துவைத்துப்போட்டார். திருஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பு ஆனான். திரிபுரசுந்தரி முந்நகரழகி ஆனாள். கொள்கைக்காகச் சிறை சென்றவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அறிவுத்தொடர்பு என்ற பெயரோடு தெருவில் விளையாடப் போன பையனின் தியாகம் போதிய கவனம் பெறவில்லை.

திராவிட இயக்கம் இந்தப் பெயர்மாற்றத்தைக் கட்டாய உறுப்பினர் கட்டணம்போல ஆக்கியது. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார், தட்சிணாமூர்த்தி கருணாநிதி ஆனார். கடைசி மாற்றத்தில் வடமொழியிலிருந்து புறப்பட்டு வடமொழியிலேயே வந்து இறங்கியிருப்பதைத் தமிழாசிரியர்கள் அறிவார்கள், ஆனால் அப்போது சுட்டிக்காட்டும் துணிவு யாருக்கும் இருந்திருக்காது. அவர் மகன் 1953 மார்ச் 1இல் பிறந்தார். நான்கு நாள் கழித்து சோவியத் தலைவர் இறக்கவே, குழந்தை ஸ்டாலின் ஆயிற்று. பொதுவாக அப்பாதான் பிள்ளைக்குப் பெயர் வைப்பார். தொல். திருமாவளவன் இந்தத் திசையையும் திருப்பினார்: ராமசாமி என்ற தம் தந்தையின் பெயரைத் தொல்காப்பியன் என்று மாற்றினார். முதலெழுத்து உட்பட எல்லாம் தமிழாக வேண்டும் என்றால் வேறு வழியில்லை, அப்பாவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இடதுசாரிகள் தனிநபர்களைத் தாண்டிக் கோட்பாட்டுக்கே போனார்கள். 2021 ஜூன் மாதம் சேலத்தில் நடந்த ஒரு திருமணம் உலகச் செய்தியாயிற்று. மணமகன் பெயர் சோசலிசம். மணமகள் பெயர் மம்தா பானர்ஜி. மணமகனின் அண்ணன்மார் கம்யூனிசம், லெனினிசம். வீட்டில் மார்க்சிசம் என்ற குழந்தையும் இருந்தது. மேற்கு வங்கத்தில் முடியாத கூட்டணி சேலத்தில் மேளதாளத்தோடு முடிந்தது என்று பத்திரிகைகள் எழுதின. கோட்பாட்டு நோக்கில் பார்த்தால் வரிசைதான் சற்றுப் பிசகியிருக்கிறது. பாடப்புத்தகப்படி சோசலிசம் முதலில் வந்து கம்யூனிசம் பிறகு வர வேண்டும். சேலத்தில் கம்யூனிசம் மூத்தவர்.

தலைவருக்குப் பின் நடிகர், நடிகை. சரோஜா, பத்மினி, ரஜினி, கமல், குஷ்பு என்று திரையரங்கு விட்டதும் நேரே பள்ளி வருகைப் பதிவேட்டில் போய் உட்கார்ந்த பெயர்கள் பல. மணிரத்னம் படங்களைத் தொடர்ந்து அஞ்சலிகளும் (1990) ரோஜாக்களும் (1992) வந்தார்கள். திரைக்கு முந்தைய திரை வாரப்பத்திரிகை. 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' தொடரிலிருந்து குந்தவை, பூங்குழலி, அருள்மொழி எல்லோரும் இறங்கி வந்து ரேஷன் கார்டில் பெயர் சேர்த்தார்கள். நந்தினி என்ற பெயரையும் தயங்காமல் வைத்தார்கள். கதையில் அவள் எப்படிப்பட்டவள் என்பதைவிட அவள் அழகி என்பதுதான் வாசகர் நினைவில் நின்றது.

ஆனால் சினிமாவின் மேல் எல்லாப் பழியையும் போடக்கூடாது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஸ்டான்லி லீபர்சன் 2000இல் வெளியிட்ட 'எ மேட்டர் ஆஃப் டேஸ்ட்' நூலில் பெயர் நாகரிகத்துக்கு உள்ளேயே ஒரு போக்கு உண்டு, ஓர் ஒலி பிடித்துப்போனால் அதை ஒட்டிய பெயர்கள் கிளைக்கின்றன, நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஓடுகிற அலையில் ஏறிக்கொள்பவர்கள்தான் என்று காட்டினார். தமிழ்நாட்டுக்கு இது அப்படியே பொருந்துகிறது. சாமி, அப்பன், முத்து என்று முடிந்த ஆண்பெயர்களின் வாலில் ஒரு காலகட்டத்தில் குமார் வந்து ஒட்டிக்கொண்டது: செந்தில்குமார், சசிகுமார், விஜயகுமார். அடுத்து வந்தது ஷ் என்ற ஒலி. ரமேஷ், சுரேஷ், தினேஷ், கணேஷ், மகேஷ், ராஜேஷ் ஆகியோர் ஒரே வகுப்பில் அடுத்தடுத்த இருக்கைகளில் உட்கார்ந்தார்கள். ஆசிரியர் ஷ் என்று சொல்லி அமைதிப்படுத்தினால் ஆறு பேர் எழுந்து நின்றிருப்பார்கள். பின்பு கார்த்திக், விக்னேஷ், பிரவீன், அருண். இப்போது விக், வின், வந்த், இத் என்று முடிகிற காலம். பெண்பெயர்களில் ஆயியும் அம்மாளும் உதிர்ந்து, கலா, லதா, தேவி வந்து, பிரியா, வித்யா வந்து, இப்போது இகா, ஷிதா, ஸ்ரீ என்று நிற்கிறது. இந்தப் பெயர்கள் பலவற்றுக்குப் பொருள் கேட்டால், "சாமி பேருதான்" என்று பதில் வரும். எந்தச் சாமி என்ற துணைக்கேள்வி நாகரிகம் அல்ல.

எதிர்த்திசையில் தனித்தமிழ்ப் பெயர்களும் திரும்பி வந்திருக்கின்றன. இனியன், கவின், மகிழன், நிலா, ஆதிரை, யாழினி. மறைமலையடிகள் காலத்தில் கொள்கையாக இருந்தது இப்போது ஒலிநயமாகப் பிடித்திருக்கிறது. யாழ் என்ற கருவி வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகின்றன, அதை வாசிக்கக் கேட்டவர் எவரும் இல்லை. யாழினிகளை மட்டும் எந்தப் பள்ளியிலும் கேட்கலாம். 2000களின் பிற்பகுதியில் சென்னை மாநகராட்சி தன் மருத்துவமனைகளில் பிறந்து தமிழ்ப் பெயர் பெறும் குழந்தைகளுக்குத் தங்க மோதிரம் வழங்கியது. தங்கம் கொடுத்தால்தான் தமிழ் வைப்பார்கள் என்று ஓர் அரசு அமைப்பு கணக்குப்போட்டதில் மனித இயல்பைப் பற்றிய அறிவு இருக்கிறது.

இன்றைக்குக் குப்பனூரிலோ சேலத்திலோ ஒரு குழந்தை பிறந்தால் முதலில் கிடைப்பது "பேபி ஆஃப்" என்ற பெயர். அம்மாவின் பெயரோடு சேர்த்துக் கையில் கட்டிவிடுவார்கள். அதன்பின் பிறந்த நேரம் சோதிடரிடம் போகிறது. நட்சத்திரங்கள் 27, பாதங்கள் நான்கு, ஆக 108 எழுத்துகள் பட்டியலாகத் தயாராக இருக்கின்றன. அசுவினிக்குச் சு, சே, சோ, லா. ரோகிணிக்கு ஓ, வ, வி, வு. இதுவரை பரவாயில்லை. திருவாதிரை மூன்றாம் பாதத்துக்கு ங. இந்த எழுத்தில் தொடங்கும் சொல் கிடைக்காமல் ஆத்திசூடி பாடிய ஔவையாரே எழுத்தின் வடிவத்தை உவமையாக்கிச் சமாளித்திருக்கிறார். அவருக்கே அந்த நிலை என்றால், மூன்று நாள் தூங்காத ஓர் இளம் தந்தை என்ன செய்வார்? இத்தகைய இக்கட்டுகளில் பக்கத்துப் பாதத்தின் எழுத்தை எடுத்துக்கொள்ளச் சோதிடம் இடம் தருகிறது. சாத்திரம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் சோதிடர் இளகிய மனத்தவர்.

எழுத்து கிடைத்ததும் பெயர் தேட வேண்டும். ஒரு காலத்தில் பேருந்து நிலையக் கடையில் கோலப் புத்தகத்துக்கும் ரசம் வைப்பது எப்படி என்ற புத்தகத்துக்கும் நடுவே அழகான குழந்தைப் பெயர்கள் புத்தகம் தொங்கும். அந்த வேலையைக் கைப்பேசி எடுத்துக்கொண்டுவிட்டது. தேடும்போது பெற்றோர் விதிக்கும் நிபந்தனைகள் மூன்று: யாரும் வைத்திருக்கக் கூடாது, சுருக்கமாக இருக்க வேண்டும், ஆங்கிலத்தில் எழுதினால் அழகாக இருக்க வேண்டும். எல்லாப் பெற்றோரும் இதே நிபந்தனைகளோடு இதே கைப்பேசியில் தேடுவதால், யாரும் வைக்காத அந்த ஒரே பெயரை எல்லோரும் ஒரே ஆண்டில் வைத்துவிடுகிறார்கள். எல்.கே.ஜி. சேர்க்கும் நாளில்தான் உண்மை தெரியவருகிறது.

பிறகு எண்கணிதம். ஆங்கில எழுத்துக்கு ஓர் எண் என்று வைத்துக் கூட்டிப் பார்ப்பார்கள். கூட்டுத்தொகை எட்டு வந்தால் சனியின் எண் என்று ஓர் எழுத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். 2001இல் ஜெயலலிதா தம் பெயரின் ஆங்கில எழுத்துக்கோவையின் கடைசியில் இன்னுமோர் 'ஏ' சேர்த்துக்கொண்டபோது இந்தக் கலைக்கு மாநில அங்கீகாரம் கிடைத்தது. தமிழில் அவர் பெயர் ஓர் எழுத்தும் மாறவில்லை. எண்கணிதத்தின் விசேஷமே இதுதான்: கிரகங்கள் எல்லாம் ஆங்கில வழியில் படித்தவை. ஆங்கிலத்தில் எச் ஒன்றும் ஏ இரண்டும் கூடியபின் பிள்ளையின் பெயரை வெளியூர்க்காரர் படிக்கும் விதமே வேறாகிவிடுகிறது, ஆனால் அதற்குக் கட்டணம் திரும்பக் கிடைக்காது.

பெயர் முடிவானதும் சூட்டும் நாளில் அத்தை குழந்தையின் காதில் மூன்று முறை சொல்ல வேண்டும். மாரியாயி என்ற பெயரை மூன்று முறை சொல்வது அத்தைக்கு எளிது. தக்ஷ்வந்த் என்பதை மூன்று முறை சொல்வதற்கு முந்தின நாளே ஒத்திகை தேவைப்படுகிறது. மூன்று முறையும் மூன்று விதமாகச் சொல்லும் அத்தைகள் உண்டு, குழந்தை எதைத் தன் பெயராக எடுத்துக்கொண்டது என்பது பெரியவனாகும்வரை தெரியாது. பாட்டி முதல் நாளே பெயரைச் சுருக்கித் தச்சு என்று ஆக்கிவிடுகிறார். அந்தப் பிள்ளை ஒன்றாம் வகுப்புக்குப் போகும்போது இன்னொரு சோதனை. தமிழில் கற்றுத்தரும் எழுத்துகள் 247. தன் பெயரை எழுத அந்த 247க்கு வெளியே இருந்து க்ஷ ஒன்றை முதலில் வாங்கிவர வேண்டும்.

இதற்கிடையில் சட்டம் தன் போக்கில் காத்திருக்கிறது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பிறப்பை 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பெயர் அப்போதே வேண்டும் என்பதில்லை. பதிவான ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம், அதன்பின் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம். பதினைந்து ஆண்டு யோசித்தும் முடிவுக்கு வராத குடும்பங்கள் இருக்கும் என்று சட்டம் எழுதியவர்கள் எதிர்பார்த்திருக்கிறார்கள். அவர்களும் இந்திய வீடுகளில் பிறந்தவர்கள்தான்.

எந்தப் பெயர் எத்தனை பேருக்கு என்ற பட்டியலை அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதலான பிறப்புகளுக்கு வெளியிடுகிறது. இங்கிலாந்தும் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2023இல் அங்கே ஆண் குழந்தைகளுக்கு முதலிடம் பெற்ற பெயர் முகமது. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட பட்டியலின் வேலையைச் செய்வது வாக்காளர் பட்டியலும் திருமணப் பத்திரிகையும். திருமணப் பத்திரிகையில் தாத்தா குப்புசாமி, அப்பா சுரேஷ்குமார், பிள்ளை ரித்விக் என்று மேலிருந்து கீழே படித்தால் நூறு ஆண்டு வரலாறு ஒரே பக்கத்தில் கிடைக்கும். கீழே "தங்கள் நல்வரவை விரும்பும்" என்ற இடத்தில் இருக்கும் மழலைகள்தான் புதிய போக்கின் முதல் சான்றுகள்.

வெளிநாடு போகிறவர்களுக்குப் பெயர் இன்னொரு முறை மாறுகிறது. தமிழருக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று இல்லை, முன்னெழுத்து மட்டுமே உண்டு. பாஸ்போர்ட் படிவமோ குடும்பப்பெயர் கேட்கிறது. அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை எழுதிவிட்டு விமானம் ஏறுகிறவரை அங்கே உள்ள அலுவலகம் முழுவதும் அப்பாவின் பெயரைச் சொல்லி அழைக்கும். ஊரில் அப்பா பெயரை வாயால் சொல்லவே கூசிய பையன், நியூ ஜெர்சியில் "மிஸ்டர் மாரியப்பன்" என்றதும் எழுந்து நிற்கப் பழகிக்கொள்கிறான். பெண்ணுக்குத் திருமணத்துக்குமுன் ஓர் அப்பா, பின் ஒரு கணவர் என்று இரண்டு முறை இந்தச் சோதனை. அடுத்த தலைமுறை அங்கேயே பிறந்து, தாத்தாவின் பெயரையே நிரந்தரக் குடும்பப்பெயராக வைத்துக்கொள்கிறது.

வைத்த பெயர் பிடிக்கவில்லை என்றால் அரசிதழில் மாற்றிக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் எழுதுபொருள் அச்சுத் துறை இந்த அறிவிப்புகளை வெளியிடுகிறது: இன்ன பெயரில் அறியப்பட்டவர் இனி இன்ன பெயரில் அறியப்படுவார். 18 வயது நிறையாதவருக்குப் பெற்றோரோ காப்பாளரோ விண்ணப்பிக்க வேண்டும், நிறைந்தவர் தாமே விண்ணப்பிக்கலாம். எமன், முருகன், தாத்தா, தலைவர், நடிகை, சோதிடர், அத்தை ஆகிய அனைவரும் சொல்லி முடித்தபின், தன் பெயரைத் தானே முடிவு செய்ய ஒருவருக்குக் கிடைக்கும் முதல் வாய்ப்பு அது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்துவோரில் பலர் பழைய பெயரையே வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் மட்டும் ஓர் எச் கூட்டிக்கொண்டு திரும்புகிறார்கள்.